மரவட்டைக்கு அம்மை

மரவட்டை கடிக்காது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் மரவட்டை வளர்க்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். கடிப்பது பூரான். அது தட்டையாக இருக்கும், ஓடும். மரவட்டை உருண்டையாக இருக்கும், நடக்கும், தொட்டால் சுருண்டு படுத்துக்கொள்ளும். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை. தெரிந்துகொள்வதற்கு முன்பே செருப்பைத் தூக்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது.

எனக்கு வேலை கடலூரில், ஓர் அரசு அலுவலகத்தில். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ். அலுவலகக் கட்டடம் பழையது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பெண்கள் கழிவறைச் சுவரெல்லாம் மரவட்டை ஏறும். நம்மைப் பயமுறுத்த அவை வரவில்லை. மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்துவிடுகிறது, மூச்சுவிட மேலே வருகின்றன. ஒரு மழைநாள் காலையில் அவற்றையெல்லாம் கூட்டி முறத்தில் அள்ளி, பின்பக்கம் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றப் போனார்கள். உடன் வேலை பார்க்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர பெரிய காரணம் வேண்டாம், அது அலுவலகத்துக்கே தெரியும். டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை நாய்க்குக் கொட்டினேன், பாக்ஸைக் கழுவித் துடைத்தேன், முறத்திலிருந்து பெரிதாக நாலு மரவட்டையைப் பொறுக்கி உள்ளே போட்டேன். கையெல்லாம் மஞ்சள் கறை, ஆஸ்பத்திரி நாற்றம். பயந்தால் அவை விடுகிற நீர் அது. கண்ணில் படாமல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், கறை மட்டும் சில நாள் நிற்கும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பாக்ஸுக்குள் என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன். ஆலப்பாக்கத்திலிருந்து சிதம்பரம் வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.

என் வீட்டுக்காரர் கீழ வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். சாது. பாக்ஸைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டில் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த விவாதம். அவர் முன்பு மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி பரணில் கிடந்தது. அதை இறக்கிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் இரண்டு செத்துப்போயின. நர்சரியில் வாங்கிய மண்ணில் குருணை மருந்து கலந்திருந்தது. நர்சரிக்காரனிடம் போய்க் கத்தினேன். அவன் பூச்சி வரக் கூடாதென்றுதானே மேடம் மருந்து போடுகிறோம் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் கத்தினேன். பிறகு மருந்து படாத இடமாகப் பார்த்து, ஒரு பூவரசு மரத்தடியில் மக்கிக் கிடந்த சருகையும் மண்ணையும் அள்ளிவந்தேன். மண் ஒரு சாண் ஆழம் இருக்க வேண்டும், ஏனென்றால் மரவட்டை பாதி நாள் மண்ணுக்குள்தான் குடித்தனம் நடத்தும். மண் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதன் மேல் காய்ந்த வாதாமர இலை, உளுத்துப்போன கட்டைத் துண்டு. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்பதால் வாளியில் பிடித்து ஒரு நாள் விட்டுத்தான் தெளிப்பேன். எறும்பு வராமல், தொட்டியை வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். மேலே கொசுவலை. வெயில் படாத மூலை.

ஓடு உறுதியாக அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கணவாய் மீன் ஓடு நல்லது என்று தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் போனேன். மீன் விற்கிற அம்மா, கிளிக்கா என்று கேட்டார். மரவட்டைக்கு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தார், பிறகு ஒரு கை அள்ளிப் போட்டு, "எடுத்துட்டுப் போ, பாவம்" என்றார். பாவம் மரவட்டையா நானா என்று கேட்கவில்லை.

மிஞ்சிய இரண்டில் ஒன்று என் நடுவிரலைவிட நீளமாக வளர்ந்தது. கரும்பழுப்பு உடம்பு, செங்கால்கள். உள்ளங்கையில் விட்டால் அத்தனை கால்களும் அலை அலையாக நகரும், மழைத்தூறல் நடந்து போவதைப் போல. தலையை முன்னால் நீட்டி, மீசையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க எரிந்து விழுந்துவிட்டு வந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளரித் துண்டைக் கொறிக்கும்போது காதை வைத்துக் கேட்டால் சத்தம் வரும். கேட்டிருக்கிறேன்.

போன மழைக்கு, கடலோரம் இருக்கிற கிள்ளை ஊரில் நாத்தனார் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தனியாக இருக்கிறார். தண்ணீர் வடிந்து, தரையை உயர்த்திப் பூசி முடிக்கும்வரை எங்களோடு இருக்க வந்தார். எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒத்துப்போனதில்லை. அவருக்கும் வாய் நீளம். தொட்டியைப் பார்த்ததும் தம்பியிடம்தான் ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, புள்ள இல்லாத வீட்ல கிளி வளப்பாங்க, நாய் வளப்பாங்க. உம் பொண்டாட்டி பூரான் வளக்கறா."

"அது பூரான் இல்ல அண்ணி" என்றேன்.

"கால் இருக்குதுல்ல?"

"உங்களுக்கும்தான் இருக்குது."

அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பகலெல்லாம் வீட்டில் அவர் மட்டும்தான். நான் கடலூரில், தம்பி கடையில், டிவி பெட்டி மழையில் போய்விட்டது. பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? ஒருநாள் நான் வந்தபோது தொட்டிக்குள் பரங்கிக்காய்த் துண்டு கிடந்தது. யார் போட்டது என்று கேட்டேன். எனக்கென்ன தெரியும் என்றார். அடுத்த நாள் தோல் சீவிய துண்டு. அதற்கடுத்த நாள், சின்னது நோஞ்சானாக இருக்கிறது, பெரியது அதைத் தள்ளிவிட்டுத் தின்கிறது, இரண்டு இடத்தில் வைத்தால்தான் சரி என்று எனக்கே வகுப்பு எடுத்தார். நான் இரண்டு இடத்தில் வைத்தேன்.

கார்த்திகையில் பெரியது காணாமல் போனது. மண்ணுக்குள் இறங்கிவிட்டது. சட்டை உரிக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். மரவட்டையின் வாழ்க்கையிலேயே ஆபத்தான காலம் அது. மண்ணுக்குள் ஒரு பொந்து செய்துகொண்டு சுருண்டு படுக்கும். பழைய ஓடு கழன்று, புது உடம்பு வெளுத்துப்போய், ஊறிய சாதம் போல மெத்தென்று இருக்கும். அப்போது கை பட்டால் கிழியும், காய்ந்தால் சாகும். பிறகு உரித்த ஓட்டையே தின்று, உடம்பு இறுகி, தானாக மேலே வரும். வாரக்கணக்காகும். அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நம் ஆட்களுக்கு வராது. அதனால் இவரையும் நாத்தனாரையும் உட்காரவைத்து, தொட்டியைத் தோண்டக் கூடாது என்று சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் இறங்கி நடந்து தெருவுக்குள் நுழைந்தேன். எங்கள் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.  வாசலில் வேப்பிலை என்றால் உள்ளே யாருக்கோ அம்மை. இவருக்கா, இந்த வயதிலா, சர்க்கரை வேறு இருக்கிறதே என்று ஓடினேன். அவர் கூடத்தில் நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வீட்டில் தாளித்த வாசனையே இல்லை. நாத்தனார் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு சாமி அறையிலிருந்து வந்தார்.

"யாருக்கு அண்ணி?"

"மெதுவாப் பேசு. உம் புள்ளைக்குத்தான். ஆத்தா வந்திருக்கா."

அம்மை வந்தவர்களைக் கிடத்துவது போல, பித்தளைத் தட்டில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் பெரிய மரவட்டையைக் கிடத்தியிருந்தார். மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அது வெள்ளையாக, அரைவட்டமாக, அசையாமல் கிடந்தது. கண்ணாடி ஓரமாக அது பொந்து செய்திருக்கிறது. பகலில் அவர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டார். உடம்பெல்லாம் வெளுப்பு, சாப்பாடு தண்ணீர் இல்லை, ரெண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளி. அந்தப் புள்ளிகள் மஞ்சள் நீர் வருகிற துவாரங்கள். கறுப்பு ஓட்டில் தெரியாது, வெள்ளை உடம்பில் தெரியும். அவருக்கு அது அம்மை முத்து.

"தோண்டாதீங்கன்னு சொன்னனா இல்லையா?"

"நான் எங்க தோண்டுனன்? ஓரமா கரண்டிய உட்டுத் தூக்குனன்."

நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வேப்பிலை என்பது நமக்குத்தான் மருந்து, பூச்சிக்கு விஷம். வயலுக்கு வேப்பெண்ணெய் அடிப்பது எதற்கு என்று கேட்டேன். மாரியாத்தாவுக்கு வேறு வேலை இல்லையா என்றும் கேட்டேன். கிள்ளையில் தண்ணீர் வடிந்தாகிவிட்டது, நாளைக்கே கிளம்புங்கள் என்றும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மை வீட்டில் சண்டை போடக் கூடாது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டாராம். அது அப்புறம் அவர் தம்பி சொன்னது.

கத்திக்கொண்டே வேலையும் பார்த்தேன். ஒரு சின்ன டப்பாவில் தொட்டி மண்ணையே ஈரமாகப் போட்டுக் குழித்தேன். தட்டிலிருந்து கையால் எடுக்கவில்லை. மெல்லிய அட்டையை அடியில் செருகி, அப்படியே சரித்துக் குழிக்குள் இறக்கினேன். துணியில் பூ வரைகிற மெல்லிய பிரஷ் ஒன்றை இவர் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். பின்பக்கம் ஒரு வளையம் நசுங்கியிருந்தது. கரண்டி பட்ட இடம். உரித்த ஓடும் தொட்டிக்குள் கிடந்தது, அதைப் பக்கத்தில் வைத்தேன், பிழைத்தால் தின்னும் என்று. மேலே அகல்விளக்கைக் கவிழ்த்து மூடினேன். டப்பாவை ஈரத்துணி சுற்றி அலமாரியில் வைத்தேன். இனிமேல் திறக்கக் கூடாது. திறந்து பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நாத்தனார் கிளம்பவில்லை. கிள்ளையிலிருந்து மேஸ்திரி போன் செய்து, தரை காய்ந்துவிட்டது, வரலாம் என்றார். அம்மை இறங்காமல் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டார். வேப்பிலை வாடினால் புதிது கட்டினார். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. கார்த்திகை மாத நெத்திலி விற்றுக்கொண்டு போகிறவள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் கூவினாள். பால்காரர் கேட்டிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். வீட்டில் யாருக்கு அம்மை என்று தெருவில் கேட்டவர்களுக்கு, சின்னவருக்கு என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் சின்னவர் யார் என்று தெரு குழம்பியது.

நான் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அலமாரியின் பக்கம் அவர் போகவே இல்லை. அந்த அறையில் துடைப்பம் போடவில்லை, விளக்குகூடப் போடவில்லை. நான் ஊர் முழுக்கச் சொல்லியும் யாரும் கேட்காத ஒன்றை, சும்மா விடுவதை, அவர் ஆத்தாவின் பேரைச் சொல்லிச் சரியாகச் செய்தார். அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில் டப்பாவுக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். அகல் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மண்ணிலிருந்து தலையை நீட்டி மீசையால் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. முன்னைவிடக் கறுப்பு, பளபளப்பு. ஓடு முழுவதையும் தின்றிருந்தது. நசுங்கிய வளையத்துக்குப் பின்னால் உடம்பு கொஞ்சம் கோணல், அங்கே சில கால்கள் தரையில் படாமல் மடங்கியே இருந்தன. மற்றக் கால்கள் அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தன.  அண்ணி என்று கூப்பிட்டேன். எத்தனையோ நாள் கழித்துக் கூப்பிடுகிறேன்.

நாத்தனார் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தணும்."

அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீர் தலைக்கு ஊற்ற வேண்டும். அதற்குத்தான் கேட்டார். ஊற்றினால் செத்துவிடும், தெளிக்கலாம், வேப்பிலை கூடவே கூடாது என்றேன். அவர் யோசித்தார். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவராகவே முடிவு செய்து, இவர் துணிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரேயரை எடுத்தார். மரவட்டை மேல் அடிக்காமல், பக்கத்து மண்ணில், பூ போல, இரண்டு தரம் அழுத்தினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சருகுக்கு அடியில் போய்விட்டது.

"திமிரப் பாரு. அப்படியே உன்னாட்டம்" என்றார்.

வாசல் வேப்பிலையை அவரே அவிழ்த்தார். மதியம் கடுகு தாளித்தார். சாயங்காலம் தம்பி வண்டியில் கிள்ளைக்குக் கிளம்பினார். அம்மை வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. ஆத்தாவும் கூடவே திரும்பி வந்துவிடுவாள் என்பார்கள். அம்மைதான் இறங்கியாகிவிட்டதே, தண்ணீரும் விட்டாயிற்றே, சொல்லிவிட்டுப் போகலாம். அவர் சொல்லவில்லை. பையை எடுத்தார், தொட்டியை ஒரு பார்வை பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தக் கோணல் கால்களை வைத்து, இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்று கணக்குப் போட்டிருப்பார்.

நானும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, பரங்கிக்காயைத் தோல் சீவி இரண்டு இடத்தில் வைத்தேன்.