துவாரபாலகரின் வலது கை

எங்கள் தெருக் கோயில் வாசலில், தெருவைப் பார்த்து நிற்கும் துவாரபாலகருக்கு வலது கை கிடையாது. உடைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். சாமி புறப்பாட்டில் பல்லக்கின் முன் தண்டுக்கு யார் தோள் கொடுப்பது என்று எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் தகராறு. வாய்ச்சண்டை கைகலப்பாகி, மூங்கில் கழியில் மண்டைகள் பிளந்தன. பந்தக்கால் நட வைத்திருந்த கடப்பாரையை எடுத்து என் சொந்த மச்சானின் தலையைக் குறிவைத்து வீசினேன். அவன் குனிந்துவிட்டான். கல்லுக்குக் குனியத் தெரியுமா? கை முழங்கையோடு பெயர்ந்து விழுந்தது.

போலீஸ் வரக்கூடாதென்று இரண்டு தெருவும் வாயைப் பொத்திக்கொண்டன. பிறகு கும்பாபிஷேகம் வந்தது. அந்நியப் படை உள்ளே நுழைய வந்தபோது துவாரபாலகர் தன் கையைக் கொடுத்துத் தடுத்தார் என்று தலவரலாற்றுப் பலகையில் எழுதி வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். என் பாவத்தை எந்த ஊர்ப் பட்டாளமோ சுமந்துகொண்டு போய்விட்டது. வெட்கமில்லாமல் அந்தப் பலகைக்கு முன்னால் கற்பூரம்கூட ஏற்றியிருக்கிறேன்.

போன ஆடியில், எங்கள் தறிகளுக்கு ஜரிகை கொண்டுவரும் பாயை அந்த வாசலில் எங்கள் தெரு இளவட்டங்கள் மறித்தார்கள். அவருக்கும் என் வயதுதான்.

“படிச்சுப் பாருய்யா. உங்காளுங்க பண்ணதுதானே இது? சாமிகிட்ட மன்னிப்பு கேளு.”

“நான் இன்னாபா பண்ணேன்?” என்று சிரித்தார். சிரித்த வாயிலேயே குத்து விழுந்தது. கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். “நான்தான் உடைச்சேன்” என்று சொல்ல எத்தனை நேரமாகும்? அடி விழ விழ அவர் என்னையே பார்த்தார்.

சாயங்காலம் குருக்களிடம் போய், பலகையைக் கழற்றுங்கள் என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

“என்ன நடந்துச்சுங்கிறது சரித்திரம்பா. பக்தனுக்கு அது எதுக்கு? சாமி கையைக் கொடுத்துக் காப்பாத்துச்சுன்னு நம்பறான் பாரு, அதான் அவனுக்கு உண்மை.”

“அந்த உண்மை ஒரு மனுஷன் பல்லை உடைச்சிருக்குது, சாமி” என்றேன். அவர் தீபாராதனைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பாய்க்கு உதட்டில் தையல் போட்டிருந்தார்கள். கட்டிலருகே நின்று, கடப்பாரையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது.

“தெரியும்பா” என்றார். “அன்னிக்கு எங்க அத்தாகூட ஜரிகை கொடுக்க வந்துக்கினு இருந்தேன். நீ வீசுனதை இந்தக் கண்ணால பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் பாய் அவனுங்ககிட்ட சொல்லல?”

“நான் சொன்னா நம்புவாங்களா? நீ சொல்லுவேன்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்.”