அக்கா திறக்காத ஜாடி

அக்காவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. பிள்ளையும் தங்கவில்லை. மதுரை டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் சூப் குடிக்கணும்" என்றார். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சூப்புக்கு எங்கே போவது? அடுப்படியில் சற்றுக் குனிந்தாலே அவளுக்குக் கண் இருட்டியது. அவள் மாமியாரும் என் மச்சானும் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள்.

நான் காலேஜில் சேர்ந்த புதிது. எதைப் படித்தாலும் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும். சண்டைக்குப் போன சிப்பாய்களுக்குக் காய்ந்த சூப்பை டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்கள், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் போதும் என்று பத்திரிகையில் பார்த்தேன். விடுவேனா?

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் சமையல் நானும் அப்பாவும்தான். பாசிப்பருப்பையும் மைசூர்ப் பருப்பையும் வறுத்து, குருணையாக உடைத்தேன். முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்து நொறுக்கினேன். மிளகு, சீரகம், சுக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கட்டியிருக்கலாம். அழகாக இருக்கட்டுமே என்று, மிட்டாய்க் கடையில் கேட்டு வாங்கிய கண்ணாடி ஜாடியில் வரிவரியாக நிரப்பினேன். மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாய் உப்பு.

யுத்தப் பஞ்சத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, கண்டாங்கிச் சேலைய மடிச்சு ஜாடிக்குள்ள வச்சிருக்க?" என்று மச்சான் சிரித்தார்.

அவருடைய அம்மா, அத்தையிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"உப்பு இருக்குல்ல? கையில குடுக்காதப்பா, ஆகாது. கீழ வையி. எங்க வீட்ல கஞ்சிக்கு வழியில்லாமத்தான் கொண்டாந்தியாக்கும்?"

கீழே வைத்தேன். அக்கா எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குலுக்கிட்டு ஒரு பிடி போடுக்கா, கொதிச்சா எறக்கிரு. அம்புட்டுத்தான்."

"சரிடா, பெரிய டாக்டரு!"

அடுத்த மாதம் போனபோது ஜாடி மாடத்தில் இருந்தது. வரி கலையவில்லை. மேலே உப்பு அப்படியே வெள்ளையாக. பக்கத்து வீட்டு அம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டுச் சீரு. எந்தம்பி அடுக்குனது."

சீர்! அம்மா இருந்தவரை பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வண்டியில் வரும். அவளோடு அதுவும் நின்றுபோனது. அப்பாவுக்கும் எனக்கும் அது தோன்றக்கூட இல்லை. அக்கா மட்டும் அந்த வெறும் மாடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சாப்பிடத்தானேக்கா செஞ்சேன்? மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கே!"

"கத்தாதடா. தீந்துபோனா மாடம் வெறிச்சுன்னு ஆயிரும்ல. நீ இன்னொண்ணு கொண்டா. அது வந்ததும் இதத் தின்னுக்கிறேன்."

ஊருக்குத் திரும்பிய கையோடு மறுபடி பருப்பை வறுத்தேன். இந்தத் தடவை வரியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. எல்லாம் கலந்து துணிப்பையில். வைத்துப் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, தின்றுதானே ஆக வேண்டும்? பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. மச்சான் ஊர்க்காரர். இறங்கியவர், "அப்பா இருக்காகளா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் கருமாதி முடிந்து கிளம்பும்போது அத்தை வழிமறித்தார்.

"வெறும் வயித்தோட போகாத. நானே காய்ச்சித் தாரேன்னு எம்புட்டோ சொன்னேன்ப்பா. தொடவிடல அவ."

மாடத்திலிருந்து ஜாடியை எடுத்தார். மூடி இறுகிப்போயிருந்தது. மச்சான்தான் திறந்தார். திறந்ததும் திரும்பிக்கொண்டார். அத்தை ஜாடியைக் குலுக்கினார். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிப் பழுப்பானது. கொதித்ததை டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"உப்பு காணுதா?"

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"சரியா இருக்கு அத்த."