எந்தக் கோழி என்று யார் சொல்வது?

மலேசியாவில், கிள்ளான் பாசாரில் கோழிக் கூண்டுகளுக்கு முன்னால் நிற்கிறோம். நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா எனக்காகக் கறி சமைக்கப் போகிறார். ஆனால் எந்தக் கோழி என்று மட்டும் கடைக்காரரிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"நீங்களே ஒண்ணு புடிங்க பாஸ்."

"வெட்டுறதுதான் அக்கா என் வேலை. பாவத்தையும் என் தலையில கட்டாதீங்க லா," என்கிறார் கடைக்காரர்.

அக்கா என் பக்கம் திரும்புகிறார். "உனக்குத்தானே கறி? படிச்ச பிள்ளை, நீ காட்டு தம்பி."

செவலைக் கோழி ஒன்று தலையைச் சாய்த்து என்னையே பார்க்கிறது. சாம்பார் போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் நேற்று இரவு அவர் வைத்த கோழிக்குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மேசையில் உரித்த கோழி ஒன்று கிடக்கிறது. "அது யாருது அண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"ஒரு அங்கிள் ஆர்டர் பண்ணாரு. இன்னும் ஆளக் காணோம்."

அக்காவின் முகம் மலர்கிறது. "அதையே குடுங்க. அது நாங்க சொல்லிச் செத்தது இல்ல."

பையை வாங்கிக்கொண்டு நகரும்போது அந்த அங்கிள் வந்துவிடுகிறார்.

"உங்களுக்கு வேற வெட்டித் தரேன் அங்கிள். எது வேணும்?" என்று கடைக்காரர் கேட்பது காதில் விழுகிறது.

அக்கா என் கையைப் பிடித்து இழுக்கிறார். "திரும்பிப் பாக்காத தம்பி. பாத்தா அதுவும் நம்ம கணக்குல வந்துடும்."