சுட்டி இல்லாமல் கணினி இயங்காது

என் மனைவி நடத்திய பள்ளிக்கூடத்தில் இரண்டே வகுப்பறை. தலைமை ஆசிரியை, கணக்கு டீச்சர், மணி அடிப்பவர் எல்லாம் அவளே. எதிர்த்தாற்போல் என் தையல் கடை. மிஷினை மிதித்துக்கொண்டே அவள் பிள்ளைகளிடம் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் கேட்பது போதாதென்று வேலை நேரத்திலும் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கைப்பேசி என்றால் பேசுவதற்கு மட்டும்தான் என்றிருந்த காலம் அது. நாங்கள் இருவருமே கம்ப்யூட்டரைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

"தொடக்கூடத் தெரியாத சாமானுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்கறதுக்காக பிள்ளைங்களுக்கும் தெரியக் கூடாதா?" என்றாள்.

பணக்கார நாட்டு அலுவலகங்கள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சீர்செய்து, எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளருக்குத் தமிழ்ப் பித்து. மறந்தும் ஒரு பிறமொழிச் சொல் வாயில் வராது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் செந்தமிழ். ஒருநாள் அவர் போன் செய்தார். மனைவி எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் அம்மா. தங்கள் பள்ளிக்கு ஆறு கணினிகள் வருகின்றன. ஒரு கணினிக்கு ஒரு சுட்டிதான், கூடுதலாகக் கேட்காதீர்கள். சுட்டி இல்லாமல் கணினி இயங்காது, நினைவிருக்கட்டும். சில மாதங்களில் பார்க்க வருவேன். பயன்படாமல் கிடந்தால் வேறு பள்ளிக்கு எடுத்துச் சென்றுவிடுவோம்."

கணினி என்றால் கம்ப்யூட்டர் என்று அவளுக்குத் தெரியும். சுட்டி என்றால்? அதில் என்ன சந்தேகம், சுட்டிப் பிள்ளைதான்.

"பாருங்களேன், நல்லாப் படிக்கிறதுங்களைக் கேக்கல. கம்ப்யூட்டருக்கு ஒரு வாலு வேணுமாம்!"

"வெளிநாட்டுல அப்படித்தான் போல," என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

எப்போதும் வகுப்புக்கு வெளியே நிற்கும் கூட்டத்திலிருந்து ஆறு பேரைப் பொறுக்கினாள். அவர்களுக்குத் தலைவி நோண்டி. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மேய்ந்தவள். என் மிஷினையும் ஒருமுறை கழற்றிப் பார்த்தாள். மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"எம்பொண்ணை விட்டுட்டு அந்த நோண்டிக்கா கம்ப்யூட்டரு?"

"மேலிடத்து உத்தரவும்மா," என்றாள் என் மனைவி.

கம்ப்யூட்டர்கள் வந்தன. கொண்டுவந்த ஆள் மின்சாரம் கொடுத்துப் பார்த்தான், திரை எரிந்தது, போய்விட்டான். ஆறுக்கும் நான் பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்தேன். திரையின் நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி நின்றது. என்ன செய்தாலும் அது அசையவில்லை. பிள்ளைகள் ஆறிலும் பார்த்துவிட்டு, அதற்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டினார்கள்.

நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் "டீச்சர், இதைத் தொடலாமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். இந்த ஆறும் எதையும் கேட்டதே இல்லை. எழுத்துப் பலகையில் இருந்த பொத்தான்களை ஒன்று விடாமல் அமுக்கின, இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கின. திரை உறைந்தால் அணைத்துவிட்டு மறுபடி போட்டன. ஜன்னல் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக எழும்பி வரும் என்று நோண்டி கண்டுபிடித்தாள். அவள் போட்ட கூச்சலில் நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒவ்வொரு சுட்டியைச் சுற்றியும் ஒரு கூட்டம். வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தன. முதல் மதிப்பெண்காரி நோண்டியின் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டாள். என் மனைவியும் பின்பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் நோண்டி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். "மாமா, இதைப் பாருங்க." தடதடவென்று ஏதோ அமுக்கினாள். கன்னங்கரேல் என்ற திரையில், வளையம் மாட்டிய ஒரு கிரகம் மெல்லச் சுழன்றது. சனி என்றாள். வானம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது, என் கடைக்கு எதிரில், நான் தைத்த உறைக்கு அடியில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிரகத்தைப் பார்த்தேனா, அதை வரவழைத்த அந்த அழுக்கு விரல்களைப் பார்த்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

செந்தமிழ் வந்தபோது கூடவே லாரியும் வந்தது. கையில் ஓர் அட்டைப்பெட்டி. முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, சுட்டிகள் அனைத்தும் எங்கள் கிடங்கிலேயே தங்கிவிட்டன. பிழை எங்களுடையதுதான். ஆனால் சுட்டி வரவில்லை என்று தாங்கள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே? கணினிகளை யாரும் இயக்கிப் பார்க்கவே இல்லை என்று சங்கம் முடிவு செய்துவிட்டது. இன்னொரு பள்ளி காத்திருக்கிறது. வருந்துகிறேன்."

சுமைக்காரர்கள் உள்ளே போய் முதல் உறையை உருவிவிட்டார்கள். என் மனைவி திருதிருவென்று விழித்தாள்.

"சுட்டிங்க இங்கதானே சார் இருக்குதுங்க? கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, நீங்க சொன்ன மாதிரியே. ஏய் நோண்டி, எல்லாரும் வாங்கடி, வாங்கடா!"

ஆறும் வரிசையாக வந்து நின்றன. அவர் ஒன்றும் புரியாமல் அட்டைப்பெட்டியைத் திறந்து, வால் நீண்ட ஒரு பிளாஸ்டிக் சாமானை, மவுஸ் என்கிறார்களே அதை, எடுத்து நீட்டினார்.

"இதுதான் அம்மா சுட்டி."

என் மனைவி அதையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "அப்ப நான்தான் தப்பா..." என்று இழுத்தாள். இந்தக் கம்ப்யூட்டருக்காக அவள் ஏறி இறங்காத வாசலில்லை.

நோண்டிக்கு ஒன்று மட்டும் புரிந்தது: எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். ஓடிப்போய்ச் சுமைக்காரருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். விரல்கள் ஓடின. கறுப்புத் திரையில் சனி சுழன்றது. மற்ற ஐந்தும் அவரவர் இடத்துக்குப் பாய்ந்தன. ஒன்றில் நிலா வந்தது, ஒன்றில் பெருக்கல் கணக்கு, ஒன்றில் 'போகாதே' என்று பெரிய எழுத்து.

செந்தமிழ் மெதுவாகச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். "சுட்டியே இல்லாமலா?" என்றார், தனக்குத்தானே. "அந்த அம்பை எப்படி நகர்த்தினீர்கள்?"

"அது சீக்காளி சார்," என்றாள் நோண்டி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க அதைத் தொந்தரவு பண்றதில்ல."

அவர் அவள் விரல்களையே பார்த்தார். பிறகு, "அடேங்கப்பா!" என்றார். சுமைக்காரர்களைப் பார்த்து, "அதை விட்டுடுங்கப்பா. லாரியை எடுத்துட்டுப் போங்க," என்றார். அவர் வாயிலிருந்து 'லாரி' வந்ததை அன்றுதான் கேட்டேன். என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

"நான் சொன்னது சரிதான் அம்மா," என்றார் அவர். "சுட்டி இல்லாமல் கணினி இயங்காது."

பிறகு பெட்டியிலிருந்த சாமானைப் பின்பக்கம் செருகி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, நோண்டியின் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். அவள் லேசாக நகர்த்தினாள். இத்தனை மாதமும் நடுவிலேயே கிடந்த அம்பு அசைந்தது. வகுப்பே எழுந்து நின்றது.

"டீச்சர்," என்றாள் நோண்டி, மூச்சே விடாமல், "அது எழுந்திருச்சு."