திக்காத ஊர்

இந்த ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். லேக் கார்டன்ஸில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குக் கீழே காய்கறி விற்கும் அக்கா, என் தலையைக் கண்டாலே, "எஷே கேச்சே பொக்பொக்" என்று சிரிப்பாள். வங்காளத்தில் 'தொணதொணப்பு வந்தாச்சு' என்று அர்த்தம். திருநெல்வேலியில் என்னோடு படித்தவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். அங்கே எனக்குப் பட்டப்பெயர் 'தந்தி'. ஒவ்வோர் எழுத்தாக அடிப்பேனாம். கோமதி என்ற என் பெயரைச் சொல்வதற்குள் முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நிற்பேன்.

ஜாதவ்பூரில் எம்.ஏ. வரலாறு படிக்க வந்தபோது வங்காளம் சுத்தமாகத் தெரியாது. கடையிலும் ஆட்டோவிலும் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கத்தரிக்காய் விலைக்கு அந்த அக்காவிடம் மல்லுக்கட்டிவிட்டு மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது, ஓரிடத்திலும் நான் திக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். க... க... கத்தரிக்காயைத் தாண்ட முடியவில்லை. ஏனென்று இன்றுவரை தெரியாது. இந்த மொழியில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, அதனால் இருக்கலாம்.

இப்போது பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ரயில். ஊரில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலைக்கு அப்பா பேசி வைத்திருக்கிறார். வகுப்பு நிறையப் பிள்ளைகள், அத்தனை பேரும் என் வாயையே பார்ப்பார்கள். நேற்று அம்மா போனில், "என்னட்டி, வெறும் 'ம்' கொட்டிக்கிட்டு இருக்க? வாயில என்ன கொழுக்கட்டையா? பிள்ளைங்க முன்னால நின்னு பேசணும்லா, இப்பமே பேசிப் பழகு" என்றாள். அதற்கும் 'ம்' என்றேன்.

அதனால் மிச்ச நாட்களை வங்காளத்தில் பேசியே கழிக்கிறேன். வேண்டாத வெண்டைக்காய்க்கு விலை கேட்கிறேன். தெரிந்த வழியையே விசாரிக்கிறேன். மண்குவளையில் டீ ஆறிப்போகும்வரை டீக்கடைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசுகிறேன். கூடப் படித்தவர்கள் ஊருக்கு இனிப்பும் புடவையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். நான் இந்த வாயை எந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது?

இன்று காலை ஜாதவ்பூர் போகும் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்ப் பேச்சு பேசிக்கொண்டு ஒரு நடுவயதுத் தம்பதி வந்தார்கள். "காளிகாட்?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். காளி கோயில் இருக்கும் காளிகாட்டுக்கு எதிர்ப்பக்க ஆட்டோவில் போய் மெட்ரோ ரயில் ஏறவேண்டும். தமிழில் பதில் சொன்னால் திக்குவேன். தலையை ஆட்டி, போகாது என்று வங்காளத்தில் கடகடவெனச் சொன்னேன்.

"இது பெங்காலிப் புள்ளைங்க. தலையாட்டுது பாருங்க, போகுமாட்ட இருக்குது. ஏறுங்க" என்றார் அவர் கணவரிடம்.

ஆட்டோ கிளம்பிவிட்டது. பின்னால் அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நடை சாத்தறதுக்குள்ள போயிருவோமுங்களா?" என்றார். இதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது? திரும்பினேன்.

"அ... அம்மா, இது கா... கா..."

கணவர் அந்தச் சொல்லை முடித்துவைக்க வாயெடுத்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்தார். "சொல்லட்டும், இருங்க."

எனக்காக இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"காளிகாட் போ... போகாதும்மா."

மூவரும் இறங்கிச் சாலையைக் கடந்தோம். எதிர்ப்பக்க ஆட்டோவை நிறுத்தி, இவர்களை டாலிகஞ்ச் மெட்ரோவில் இறக்கிவிட்டு, காளிகாட்டுக்கு எந்தப் பக்க ரயில் என்று காட்டும்படி டிரைவரிடம் வங்காளத்தில் சொன்னேன். ஏறி உட்கார்ந்த அந்த அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இந்தப் பாஷையில உனக்குத் திக்கவே இல்லையே கண்ணு. நீ எந்த ஊருப் புள்ள?"

"தி... தி..."

ஆட்டோ நகர்ந்துவிட்டது. அந்த அம்மா வெளியே தலையை நீட்டி, வளைவு திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோரத்தில் தனியாக நின்று அந்தச் சொல்லை முடித்தேன். திருநெல்வேலி என்று சுத்தமாக வந்தது. கேட்கத்தான் தமிழ் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை.