உட்காராத கண்டக்டர்

வேன் வண்டியூரைத் தாண்டுவதற்குள் நல்லகாமன் மூன்று தடவை எழுந்துவிட்டார். முன்னால் போய் டிரைவருக்கு வழி சொன்னார். பின்னால் வந்து கதவை இழுத்துப் பார்த்தார். சிம்மக்கல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். ரிட்டயராகி ஆறு மாதமாகியும் உட்காரப் பழகவில்லை.

இன்று வேறொன்றும் மனசை அரித்தது. கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி கனகலட்சுமியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "இனிமேலாச்சும் ஒரு வேளை சேந்து உக்காந்து சாப்பிடுவோம்" என்று ரிட்டயரான அன்றே அவள் சொல்லியிருந்தாள். யானை பார்க்கும் இந்தப் பயணமும் அவள் ஏற்பாடுதான்.

திருச்சிப் பக்கம், வயதான கோயில் யானைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் அது. மகள் சுபலட்சுமியும் அவள் பிள்ளைகளும் வேலியோரம் நின்றார்கள். மரத்தடியில் ஒரு கிழட்டு யானை, காலில் எதுவும் கட்டாமலே, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சங்கிலிய அவுத்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் ஆட்டம் நிக்கல" என்றார் பாகன்.

கனகலட்சுமி யானையைப் பார்த்தாள். பக்கத்தில் கால் மாற்றி மாற்றி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க சொந்தக்காரி போலருக்கே!"

சுபலட்சுமி சிரித்துவிட்டாள். பள்ளிக்கூட பஸ் பேச்சை எடுக்க வந்த நல்லகாமன் அதை விழுங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது பேரப்பிள்ளைகளை அதட்டி ஏற்றினார், கதவைச் சாத்தினார், தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம், ரைட்!"

ஒரு மைல் போன பிறகுதான் மகள் கேட்டாள். "அப்பா, அம்மா எங்க?"

பாத்ரூமுக்குப் போனவளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வண்டி திரும்பிப் போய்ச் சேரும்வரை அவர் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். கட்டின பெண்டாட்டியையே விட்டுவிட்டு வந்தவனை நம்பி யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவளிடம் கேட்பது?

வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்த கனகலட்சுமி, வேனைக் கண்டதும் பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை நீட்டினாள்.

"என்ன கண்டக்டரே, இங்க ஸ்டாப்பிங் கெடையாதா?"

டிரைவர் ஸ்டியரிங்கில் கவிழ்ந்துகொண்டு சிரித்தான்.

அவள் ஏறியதும் நல்லகாமன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்று பள்ளிக்கூட பஸ் விஷயத்தையும் சொல்லிவிட்டார். துவரங்குறிச்சி வரும்வரை அவள், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்த் தொலைங்க" என்றாள் கடைசியில். "வீட்டுல உங்கள வச்சுக்கிட்டு நான் படுற பாடு போதும். ராத்திரிச் சாப்பாடு எங்கூட. அப்பறம், பிள்ளைகள எண்ணிப் பாக்காம ரைட் குடுத்துறாதீக."

அவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அத உக்காந்து பேசுனா ஆகாதாக்கும்?"

உட்கார்ந்துதான் பேசினார். மேலூரில் டீ குடித்துவிட்டு எல்லாரும் ஏறியதும், கதவுப் பக்கம் நின்று தலைகளை எண்ணினார், கனகலட்சுமியிலிருந்து தொடங்கி.