அரை இஞ்ச் இறக்கம்

தெருவே டெய்லரம்மா என்று கூப்பிட்ட அந்த அம்மாளுக்கு இப்போது ஊசி எது, நூல் எது என்று பிடிபடுவதில்லை. மறதி நோய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார் புருஷன், பஸ் மெக்கானிக். கையைப் பிடிக்க விடாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. தொட்டால் போதும், "யாரு சார் நீங்க? கையை விடுங்க!" என்று அம்மாள் உதறிவிடுவார். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவர் 'சார்' ஆகி எட்டு மாசம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போவார். மறதிக்காரர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒரே படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். கண்ணாடி போட்ட மேடம், "என்ன தெரியுது?" என்று கேட்பார். என்ன சொன்னாலும் சரிதான், மார்க் கிடையாது. மெக்கானிக்குக்குப் படம் என்றால் காலண்டர்தான். 'இதுல என்னத்தைக் கண்டோம்' என்று முணுமுணுப்பார், ஆனால் ஒரு வாரம் விட்டதில்லை. வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை.

அந்தச் செவ்வாய், கடையில் வாங்கிய சட்டையெல்லாம் ஈரம். பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

படத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷன்.

"ஜட்ஜு," என்றார் ஒருவர்.

"எங்க மாமனார் மாதிரியே முறைக்கிறான்," என்றார் இன்னொருவர். சிரிப்பு.

டெய்லரம்மா எழுந்து படத்தருகே போனார். "கோட்டைத் தைச்சவன் ஆளைப் பார்த்துத் தைக்கல. வலது தோள் இறக்கம். அந்தப் பக்கம் அரை இஞ்ச் பிடிச்சிருக்கணும்."

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். டூல்ஸ் பெட்டியத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாஞ்சுட்டாரு."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்தார். "அவரு இப்ப எங்கம்மா?"

"டெப்போவுக்குப் போயிருக்காரு."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண் மெக்கானிக்கின் வலது தோளில் நின்றது. கிட்டே வந்து தையலை விரலால் நிமிண்டினார்.

"இது என் தையல். அவரு சட்டை உங்ககிட்ட எப்படி சார் வந்துச்சு?"

மெக்கானிக் காலரை நீவிவிட்டுக்கொண்டார். "அவருதாம்மா போட்டுக்கச் சொன்னாரு."

"இரவல் குடுக்கறதே அவருக்கு வேலை. அழுக்காக்காமத் திருப்பிக் குடுத்துடுங்க."

"சரிம்மா."

ஆனால் அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. படியிறங்கும்போதும், பஸ்ஸில் உட்காரும்போதும், வீட்டு வாசல் வரைக்கும், சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். மெக்கானிக் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஆற அமர நடந்தார்.